வாலாட்டும் அம்பு

கேள்வி, 3 ஆகஸ்ட் 2023

என்னிடம் இருப்பது 66 அங்குல லாங்போ (நீண்ட, எளிய மரபு வில்). 28 அங்குல இழுவைக்கு 45 பவுண்டு என்று வில்லில் எழுதியிருக்கிறது. அம்புகள் மரம், நீளம் 29 அங்குலம், ஸ்பைன் (தண்டின் விறைப்பைக் காட்டும் எண்) 50-55, முனை 125 கிரெயின் (ஏறக்குறைய 8 கிராம்). வலக்கையால் இழுக்கிறேன். 15 மீட்டரில் அம்பு மீன் நீந்துவதுபோல் வாலை ஆட்டிக்கொண்டே போகிறது. ஒன்றில் இறகை உரித்துவிட்டு எய்தால், மற்றவற்றுக்கு இரண்டடி வலப்பக்கம் போய்க் குத்துகிறது. அம்பு நெளிவு மிகுந்தது என்பதற்கு இதுவே அடையாளம் என்கிறார்கள். தண்டை வெட்டிக் குறைப்பதா, 60 ஸ்பைனில் புதிதாக வாங்குவதா?

3 ஆகஸ்ட், இரவு

வெட்டுங்கள். வலக்கையால் இழுப்பவருக்கு, இறகில்லாத் தண்டு இறகுள்ள அம்புகளின் வலப்பக்கம் குத்தினால் நெளிவு மிகுதி, இடப்பக்கம் குத்தினால் விறைப்பு மிகுதி. தண்டின் நீளத்தைக் குறைத்தால் விறைப்புக் கூடும். முனையின் எடையைக் கூட்டினால் விறைப்புக் குறையும். ஓர் அங்குலம் வெட்டினால் உங்கள் இரண்டடி ஏறக்குறைய ஓரடியாக வேண்டும்.

4 ஆகஸ்ட்

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆறையும் வெட்டிவிடாதீர்கள், இறகு உரித்த அந்த ஒன்றை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய பிறகு முனை ஏறும் நுனியை, பென்சில் சீவுவதுபோல் அதற்குரிய சீவியால் 5 பாகைச் சரிவில் மீண்டும் சீவ வேண்டும். கத்தியால் சீவினால் முனை கோணலாக உட்கார்ந்து, இல்லாத நோயைக் காட்டும். எல்லா அம்புகளிலும் 1 முதல் 6 வரை எண் எழுதிக்கொள்ளுங்கள். எண் இல்லாத அம்பு தப்பினால் எய்தவரின் குற்றம் என்று எண்ணிக்கொள்வோம். ஒரே எண் நான்கு முறை ஒரே இடத்தில் தப்பினால்தான் குற்றவாளி யார் என்று தெரியும்.

9 ஆகஸ்ட்

ஓர் அங்குலம் வெட்டி எய்து பார்த்ததாகவும், இரண்டடியாக இருந்தது இரண்டேகால் அடியாகிவிட்டதாகவும் கேட்டவர் எழுதியிருக்கிறார். குறைந்திருக்க வேண்டியது கூடியிருக்கிறது.

அவருடைய இழுவை நீளத்தை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், இப்போதுதான் கேட்டேன். இருபத்தாறரை அங்குலமாம். வில்லில் எழுதியிருக்கும் 45 என்பது 28 அங்குலத்துக்கு உரியது. அந்த 28ஐயும் கைப்பிடிக் குழிவிலிருந்து நாண்வரை இருபத்தாறேகால் அங்குலம், அதன்மேல் ஒன்றேமுக்கால் அங்குலம் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். இத்தகைய வில்லில் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய இரண்டரைப் பவுண்டு குறையும். ஆக இவர் விரலில் ஏறும் எடை 41 பவுண்டு.

மர அம்புக்காரர்களிடம் ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 28 அங்குல அம்பு, 125 கிரெயின் முனை என்றால், விரலில் ஏறும் பவுண்டு எவ்வளவோ அவ்வளவு ஸ்பைன். அம்பு ஓர் அங்குலம் நீண்டால் ஐந்து கூட்ட வேண்டும். அம்பு சாயும் பக்கச் சுவர், வில்லின் நடுக்கோடுவரை வெட்டப்படாமல் வெளியே நின்றால் ஐந்து கழிக்க வேண்டும். நாண் டாக்ரானாக (சற்று நீளும் செயற்கை இழை) இருந்தால் இன்னும் ஐந்து கழிக்க வேண்டும். இவருடைய வில் நடுக்கோடுவரை வெட்டப்படாதது, நாணும் டாக்ரான்தான். 41, கூட்டல் 5, கழித்தல் 10, ஆக 36. இவர் எய்துகொண்டிருப்பதோ 50-55.

கைக்கணக்கு ஐந்தாறு பவுண்டு பிசகலாம்; பதினைந்து பவுண்டு பிசகாது. அம்பு நெளிவு மிகுந்ததன்று, விறைப்பு மிகுந்தது. அப்படியானால் அது இடப்பக்கம் போக வேண்டும், வலப்பக்கம் போகிறது. இந்தப் புதிர் எனக்குப் புதிதன்று என்பதுதான் வெட்கக்கேடு. இதே குழியில் ஒரு முறை விழுந்து எழுந்தவன், இவரையும் அதே குழிக்கு வழிகாட்டி அனுப்பியிருக்கிறேன்.

13 ஆகஸ்ட்

நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அம்பு வில்லின் நடுவில் இல்லை. வலக்கைக்காரருக்கு அது வில்லின் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கி ஓடுகிறது. அசையாத இரும்புக் கம்பியாக இருந்தால் அம்பு இடப்பக்கம் விலகியே போக வேண்டும். ஆனாலும் பொருத்தமான அம்பு குறியை நோக்கியே போகிறது. இந்த முரணை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் எல்மர் என்ற அமெரிக்கர் ‘வில்லாளியின் முரண்’ என்ற பொருளில் பெயரிட்டார். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேகப் படக்கருவியால் அம்பைப் படம்பிடித்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. நாண் தள்ளும்போது அம்பு வளைகிறது, எதிர்ப்பக்கம் வளைகிறது, மீண்டும் வளைகிறது. அந்த நெளிவின் நடுவில் அதன் வால் வில்லைத் தொடாமல் சுற்றிக்கொண்டு கடந்துவிடுகிறது. பாம்பு கல்லைச் சுற்றிப் போவதுபோல் என்று சொல்லலாம், வேகம் மட்டும் வேறு.

விறைப்பு மிகுந்த அம்பு போதிய அளவு வளைவதில்லை. அது இரண்டு விதமாக நடந்துகொள்ளும். வால் வில்லைத் தொடாமல் தப்பினால், பாடம் சொல்வதுபோல் இடப்பக்கம் போகும். தப்பவில்லையானால், வால் பக்கச் சுவரில் மோதும். சுவர் அம்புக்கு வலப்பக்கம் இருப்பதால் மோதிய வால் இடப்பக்கம் எறியப்படுகிறது. வால் இடப்பக்கம் போனால் முகம் வலப்பக்கம் திரும்புகிறது. இறகில்லாத் தண்டுக்குத் திருத்திக்கொள்ள வழியில்லாததால் அப்படியே வலப்பக்கம் ஓடிவிடுகிறது. பார்ப்பவர் ‘நெளிவு’ என்று படித்துக்கொள்கிறார். நாமும் வெட்டுகிறோம், விறைப்புக் கூடுகிறது, இன்னும் பலமாக மோதுகிறது, இன்னும் வலப்பக்கம் போகிறது. இவருடைய கால் அடி அப்படி வந்ததே.

என் கதை 2021இல் நடந்தது. செங்கல்பட்டுப் பக்கம் உறவினரின் மாந்தோப்பில், பழந்துணி திணித்த சாக்கை இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டி எய்துகொண்டிருந்தேன். வலப்பக்கம் போனது, வெட்டினேன். மேலும் போனது, மேலும் வெட்டினேன். ஐந்து மாதத்தில் பதினொரு அம்புகளை இருபத்தேழு அங்குலமாக்கி, அவற்றை என் இழுவைக்கே போதாதவையாக ஆக்கிவிட்டேன். பன்னிரண்டாவது தப்பியதற்குக் காரணம் என் அறிவன்று. அது புதரில் தொலைந்திருந்தது. வெட்டாத நீளத்தில் மழைக்குப் பிறகு அது கிடைத்தபோது, விளையாட்டாக ஒரு கனமான முனையை ஒட்டி எய்தேன், நேராகப் போனது. அன்று மாலை முழுவதும் அந்த ஒரே அம்பை எய்வதும், நடந்து போய் எடுத்து வருவதுமாக இருந்தேன்.

அன்று நான் கற்றிருக்க வேண்டியது, வெட்டும் சோதனையைக் கடைசியிலும் முனை மாற்றும் சோதனையை முதலிலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. முனையை மாற்றினால் திரும்ப மாற்றலாம். மர அம்பில் முனை சூட்டில் இளகும் பசையால்தான் ஒட்டப்பட்டிருக்கும். மரத்தைக் காட்டாமல் உலோகத்தை மட்டும் மெழுகுவத்திச் சுடரில் சில நொடிகள் காட்டினால், இடுக்கியில் கழன்று வரும். கனமான முனை போட்டதும் வலப்பிழை குறைந்தால் அது பொய்யான நெளிவு. கூடினால் மெய்யான நெளிவு. இரண்டு முனை வாங்கும் செலவில் முடிகிற சோதனை.

14 ஆகஸ்ட்

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, தனக்கு எல்லாம் தலைகீழாக நடக்கிறது என்று இன்னொருவர் வருந்தியிருந்தார். அவர் இடக்கையால் இழுப்பவர். அவருக்கு வலம் இடமாகவும் இடம் வலமாகவும் படிக்கப்பட வேண்டும். கட்டைவிரலால் நாணை இழுத்து, அம்பை வில்லின் மறுபக்கம் வைக்கும் கொரிய முறைக்காரர்களுக்கும் அப்படியே மாறும்.

20 ஆகஸ்ட்

‘மோதுகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியவில்லையே’ என்று கேட்டவர் கேட்டிருக்கிறார். கண்ணால் பார்க்க முடியாது. தடத்தைத்தான் பார்க்க முடியும். வழக்கமாக முகப்பவுடரைத் தடவச் சொல்வார்கள். என் வில்லின் ஷெல்ஃபில் (கைப்பிடிக்கு மேல் அம்பு உட்காரும் திட்டு) இருப்பது வெளிர்நிறத் தோல் என்பதால் பவுடர் எனக்கு உதவவில்லை. பூஜை அலமாரியிலிருந்து குங்குமத்தை எடுத்து, அம்பு உட்காரும் திட்டிலும் பக்கத் தோலிலும் மெல்லியதாகத் தடவி, மூன்று அம்பு எய்தேன். வில்லுக்கு நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த மனைவி, ஆயுத பூஜைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்றார்.

எதைத் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்பு உட்கார்ந்திருந்த இடத்தில், முனைப்பக்கத் தண்டில் சிறிது சிவப்பு ஏறுவது இயல்பு. வாலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் தண்டில் சிவப்பு இருந்தாலும், வில்லைப் பார்த்திருக்கும் இறகின் அடித்தண்டு சிவந்திருந்தாலும் மோதல் உறுதி. இறகின் மெல்லிய பகுதி லேசாக உரசுவது குற்றமன்று. ஷெல்ஃபிலிருந்து நேரடியாக எய்கிற வில்லில் இறகைப் பயன்படுத்துவதே அது மடங்கிக்கொடுக்கும் என்பதால்தான். பிளாஸ்டிக் வால் ஒட்டியிருப்பவர்கள் மேற்கொண்டு எதையும் சோதிக்கும் முன் இறகுக்கு மாறிவிடலாம்.

27 ஆகஸ்ட்

கேட்டவர் பவுடர் தடவிப் படம் அனுப்பினார். வாலிலிருந்து நான்கு விரல் தூரத்தில் தண்டின் வலப்பக்கம் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் இருந்தது. பக்கத் தோலின் மேல் விளிம்பில் பள்ளமே விழுந்திருக்கிறது. பல நாளாக அடிவாங்கிய தடம்.

அந்தத் தோல் மூன்று மில்லிமீட்டர் கனம். வில்லோடு வந்தது அன்று. சத்தம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு இவரே செருப்புத் தைப்பவரிடம் வாங்கி ஒட்டியதாம். மூன்று மில்லிமீட்டர் சிறிது என்று தோன்றும். ஆனால் அது அம்பை நடுக்கோட்டிலிருந்து இன்னும் அவ்வளவு வெளியே தள்ளுகிறது. வெளியே தள்ளத் தள்ள, சுற்றிக்கொண்டு போக அம்பு இன்னும் அதிகமாக நெளிய வேண்டும். ஏற்கெனவே நெளிய மறுக்கும் அம்பிடம் இன்னும் நெளியச் சொல்லியிருக்கிறார். தோலைப் பிய்த்துவிட்டு மெல்லிய ஃபெல்ட் துணியை ஒட்டச் சொன்னேன்.

நாண் உயரத்தையும் அளக்கச் சொன்னேன். நாணேற்றிய வில்லின் கைப்பிடிக் குழிவிலிருந்து நாண்வரை ஆறேகால் அங்குலம். புதிய டாக்ரான் நாண் முதல் சில நூறு அம்புகளில் நீளும். நீண்டால் இந்த உயரம் இறங்கும். உயரம் இறங்கினால் அம்பு நாணோடு ஒட்டியிருக்கும் நேரம் கூடுகிறது. விட்ட விரலின் தடுமாற்றமெல்லாம் அம்புக்குப் போய்ச் சேருகிறது. நாணைக் கழற்றிப் பத்துப் பன்னிரண்டு முறுக்கு ஏற்றினால் உயரம் கூடும். இத்தனை அங்குலம் என்று நான் ஆணையிட விரும்பவில்லை. வில் செய்தவர் சொல்லும் எல்லைக்குள், ஏழில் தொடங்கி, இரண்டிரண்டு முறுக்காக ஏற்றி, வில்லின் ஒலி தாழ்ந்து மழுங்கும் இடத்தில் நிறுத்திக்கொள்வதே என் வழக்கம். தோப்பில் ஆள் இல்லாத விடியற்காலையில் அந்த வேறுபாடு காதுக்கு நன்றாகக் கேட்கும்.

28 ஆகஸ்ட்

தோலையும் நாணையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னது தவறு. இரண்டில் எது வேலை செய்தது என்று இனி எவராலும் சொல்ல முடியாது. தோலை முதலில் மாற்றுங்கள், மூன்று நாள் எய்யுங்கள், பிறகு நாண்.

(பிற்சேர்க்கை: அவர் இரண்டையும் அன்றே மாற்றிவிட்டார்.)

10 செப்டம்பர்

இறகில்லாத் தண்டு இப்போது ஓரடி *இடப்பக்கம்* குத்துகிறதாம். இரண்டடி வலமாக இருந்தது ஓரடி இடமாகிவிட்டதே, முன்னைவிட மோசமா என்று கேட்கிறார். மோசமே இல்லை. மோதல் நின்றதால் அம்பு முதன்முறையாக உண்மையைப் பேசுகிறது: எனக்கு விறைப்பு மிகுதி என்கிறது.

இனி எவ்வளவு மிகுதி என்று பார்க்க வேண்டும். பொட்டலத்தின் மேல் 50-55 என்று எழுதியிருப்பதை நம்பாமல், வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, தண்டை அவற்றின் மேல் கிடத்தி, சரியாக நடுவில் இரண்டு பவுண்டு, அதாவது 907 கிராம் தொங்கவிட வேண்டும். நான் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கொக்கியோடு சமையலறைத் தராசில் வைத்து, 907 வரும்வரை தண்ணீர் ஊற்றினேன். தண்டின் நடு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து, 660ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஸ்பைன் பவுண்டில் கிடைக்கும். 13.2 மி.மீ. இறங்கினால் 50, 12 இறங்கினால் 55, 16.5 இறங்கினால் 40.

ஒரே பொட்டலத்தில் நான் வாங்கிய பன்னிரண்டு தண்டுகளை இப்படி அளந்தபோது மிக விறைப்பானது 10.8 மி.மீ. இறங்கியது, மிக நெளிவானது 14.2. கணக்குப் போட்டால் 61இலிருந்து 46வரை. ஒரே எண் எழுதிய பொட்டலத்தில் மூன்று வகை அம்பு. விற்றவரிடம் கேட்டதற்கு, மரம் என்றால் அப்படித்தான் சார் என்றார், அதுவும் பொய்யில்லை.

கார்பன் தண்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கார்பனில் எழுதும் எண் வேறு. 28 அங்குல இடைவெளியில் 880 கிராம் தொங்கவிட்டு, வளைவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கிறார்கள்; 500 என்றால் அரை அங்குலம் வளைந்தது என்று பொருள். ஆகவே மரத்தில் எண் கூடினால் விறைப்பு, கார்பனில் எண் கூடினால் நெளிவு. 600தான் 500ஐவிட விறைப்பு என்று நம்பி நான் ஒரு முறை அரை டஜன் வாங்கியிருக்கிறேன். அது தனிக் கதை, செலவும் தனி.

17 செப்டம்பர்

கேட்டவர் கனமான முனைகளை மாட்டி எய்து பார்த்திருக்கிறார். 175 கிரெயின் முனை: இடப்பிழை அரை அடி. 200 கிரெயின்: நான்கு விரல். வாலாட்டமும் ஏறக்குறைய நின்றுவிட்டது என்கிறார். இறகுள்ள அம்பு எய்ததும் முதல் ஐந்தாறு மீட்டர் சிறிது நெளிவது இயற்கை. அதை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது.

இதற்கு ஒரு விலை உண்டு. 125 கிரெயின் முனையோடு அவருடைய அம்பு 475 கிரெயின், அதாவது 30.8 கிராம். இப்போது 550 கிரெயின், 35.6 கிராம். இழுக்கும் ஒரு பவுண்டுக்குப் பதின்மூன்று கிரெயினுக்கு மேல். வில்லுக்கு இது நல்லது. கனமான அம்பு வில்லின் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது, அதிர்வு குறைகிறது. ஆனால் வேகம் குறைவதால் 25 மீட்டருக்கு மேல் அம்பு கண்கூடாகத் தாழ்கிறது. முப்பது மீட்டரில் போட்டி எய்யப்போகிறவர் என்றால் 40 ஸ்பைனில் புதிதாக வாங்குங்கள் என்பேன். 15 மீட்டரில் மாலைப்பொழுதைக் கழிப்பவருக்கு 200 கிரெயினே போதும். அவர் முதலில் வாங்க நினைத்த 60 ஸ்பைனை நான் தடுத்தேன் என்று பெருமை கொள்ள எனக்கு வழியில்லை. தண்டை வெட்டச் சொன்னவனும் நானே.

1 அக்டோபர்

இப்போது மேல்கீழ். வால் மேலே தூக்கிக்கொண்டு போகிறது, இறகில்லாத் தண்டு தாழக் குத்துகிறது என்கிறார். பாடத்தின்படி நாணில் நாக் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவு) மாட்டும் புள்ளி உயரமாக இருக்கிறது, இறக்க வேண்டும். ஆகஸ்டில் வாங்கிய அடி நினைவிலிருப்பதால் இம்முறை இறக்கச் சொல்லவில்லை. முதலில் எங்கே இருக்கிறது என்று அளக்கச் சொன்னேன்.

ஷெல்ஃபிலிருந்து நாணுக்குச் செங்குத்தாகக் கோடு பிடித்தால், அதற்கு மேல் கால் அங்குலத்துக்கும் குறைவு. பொதுவாக அரை அங்குலத்தில் தொடங்குவார்கள். மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவருக்கு இன்னும் சிறிது உயரம் வேண்டும். இங்கேயும் அதே நாடகம், பக்கவாட்டில் நடந்தது நெட்டுவாட்டில் நடக்கிறது: புள்ளி மிகத் தாழ்ந்திருப்பதால் வால் ஷெல்ஃபில் இடித்து மேலே துள்ளுகிறது, பார்ப்பவர் புள்ளி உயரம் என்று படித்துக்கொள்கிறார். ஷெல்ஃபில் தடம் இருந்தது. அரை அங்குலத்துக்கு ஏற்றியதும் துள்ளல் போயிற்று, பிறகு நூலிழை அளவில் ஏற்றியிறக்கிச் சரிசெய்துகொண்டார்.

பித்தளை வளையத்தை நசுக்கி மாட்டுவதைவிட, பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலால் அம்புக்கு மேலும் கீழுமாக இரண்டு கட்டுப் போடுவது மேல் என்பது என் கருத்து. மேல்கட்டு மட்டும் இருந்தால், விடும் நேரத்தில் அம்பு நாணில் கீழே நழுவக்கூடும். ஆறு அம்புக்கு ஒன்று காரணமில்லாமல் துள்ளுவது பெரும்பாலும் அப்படித்தான்.

நாக் நாணைக் கவ்வும் இறுக்கத்தையும் பாருங்கள். அம்பை நாணில் மாட்டி வில்லைக் கிடையாகப் பிடித்தால் அம்பு தொங்க வேண்டும். நாணை ஒரு விரலால் தட்டினால் விழ வேண்டும். அதைவிட இறுக்கமானது வாலைப் பிடித்து இழுக்கும். அதைவிடத் தளர்ந்தது ஆபத்து: அம்பு நழுவி, வெறும் நாணை விட்டால் வில்லே உடையும்.

15 அக்டோபர்

காலையில் நன்றாகக் குத்தும் அம்பு, நாற்பது ஐம்பது எய்த பிறகு சிதறுகிறது என்றும், நாண் மீண்டும் நீண்டிருக்குமா என்றும் கேட்கிறார். நாண் அன்று, நீங்கள். முழு இழுவையில் நிற்கும்போது, வில்லின் முதுகு அம்பைத் தொடும் இடத்தில் நண்பர் ஒருவரைக் கொண்டு பேனாவால் கோடு போடச் சொல்லுங்கள். ஐம்பதாவது அம்பிலும் அதையே செய்யுங்கள். எனக்கு இரண்டு கோட்டுக்கும் நடுவில் முக்கால் அங்குலம் இருந்தது. முக்கால் அங்குலம் என்றால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு. அதே அம்பு அந்த வில்லுக்கு மேலும் விறைப்பாகிவிடுகிறது, தாழவும் குத்துகிறது. களைத்த கையால் எய்து அம்பைத் திருத்தக் கூடாது. இறகில்லாத் தண்டை எய்வதென்றால் காலையின் முதல் இருபது அம்புக்குள் எய்துவிட வேண்டும். அது அம்பை மட்டும் அளப்பதில்லை, விரலையும் சேர்த்தே அளக்கிறது. நாணைப் பிடுங்கி விட்டாலும், வில்லைப் பிடித்த கை முறுக்கிக்கொண்டாலும் அந்தக் குற்றம் முழுவதும் தண்டில் எழுதப்பட்டுவிடும்.

16 அக்டோபர்

‘என் அம்பு துளியும் ஆடாமல் போகிறது, ஆனால் எல்லாமே ஒரு சாண் இடப்பக்கம் கொத்தாகக் குத்துகிறது’ என்று வேறொருவர். ஓட்டம் நன்றாக இருந்து கொத்தும் இறுகி இருந்தால் அம்பைத் தொடாதீர்கள்; உங்கள் கண்ணைச் சோதியுங்கள். இரு கண்ணையும் திறந்து தொலைவிலுள்ள ஒன்றை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். வலக்கண்ணை மூடும்போது விரல் அசையாமல் இருந்தால் உங்கள் ஆளும் கண் இடக்கண். வலக்கையால் இழுத்து இடக்கண்ணால் குறிபார்த்தால் இடப்பக்கம்தான் போகும்.

12 நவம்பர்

மழை. மூன்று வாரமாக எனக்கு எய்ய வாய்ப்பில்லை. கேட்டவர் வீட்டு மாடியில் கூரைக்கடியில் பத்து மீட்டரில் எய்கிறார். அம்புகளைக் குளியலறைக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாராம், இரண்டு வளைந்துவிட்டன. மரத்தண்டைச் சாத்தி வைக்கக் கூடாது, கிடத்தி வைக்க வேண்டும். வளைந்ததை அடுப்பனலில் தள்ளிப் பிடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருந்தால் பெரும்பாலும் நேராகும். கண்ணாடி மேசையில் உருட்டினால் எங்கே தூக்குகிறது என்று தெரியும். நிமிர்த்திய பிறகு காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள்; நெரிகிற ஒலி கேட்டால் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு வில்லிலேயே முறிந்தால் அது ஏறுகிற இடம் உங்கள் இடக்கை.

நசுங்கி ஒட்டிக்கொண்ட இறகுக்கு இட்லிப் பானையே மருந்து. ஆவி வரும் இடத்தில் பத்துப் பதினைந்து நொடி அம்பைச் சுழற்றிக் காட்டினால் இறகு வாங்கிய அன்றுபோல் நிமிர்ந்து நிற்கும். இட்லிக்கு மாவு ஊற்றும் முன் செய்துகொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது.

17 டிசம்பர்

எல்லாம் சரியாகிவிட்டது, 4ஆம் எண் மட்டும் இன்னும் ஒரு சாண் விலகுகிறது என்று கேட்டவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இறகு சரி, நாக் நேர், எடை மற்றவற்றோடு ஒத்துப்போகிறது, ஸ்பைன் 52. எனக்கும் பிடிபடவில்லை. போன வாரம் நேரில் கொண்டுவந்தார். ஆணிப்பலகையில் வைத்து அளந்தேன், 12.7 மி.மீ.; அவர் சொன்ன 52தான். சும்மா கால் வட்டம் திருப்பி வைத்து மறுபடி அளந்தேன், 11.4, அதாவது 58.

மரத்தண்டு எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பாக இருப்பதில்லை. நுனியில் தெரியும் வளர்ச்சி வளையக் கோடுகளுக்குக் குறுக்காக நாக்கின் பள்ளம் அமைய வேண்டும். அப்போதுதான் எல்லா அம்பும் விறைப்பான பக்கத்தையே வில்லுக்குக் காட்டும். மற்ற ஐந்திலும் அப்படித்தான் இருந்தது. நான்காவதில் நாக்கைக் கால் வட்டம் தவறித் திருப்பி ஒட்டியிருக்கிறார்கள். மற்றவற்றையும் அவர் அளந்து 52 என்றே எழுதியிருந்தார்; ஆனால் இது வில்லுக்குக் காட்டும் பக்கமே நெளிவான பக்கம், அதனால்தான் இது மட்டும் மற்றவற்றுக்கு வலப்பக்கம் போயிருக்கிறது. சரி, 52உம் 52உம் ஒன்றுதானே என்று அவர் கேட்டார். மற்ற ஐந்தையும் திருப்பி அளந்தோம். வில்லைப் பார்க்கும் பக்கத்தில் அவை 55இலிருந்து 57வரை இருந்தன. அவர் செப்டம்பரிலிருந்து அந்த ஐந்தையும் தவறான பக்கத்தில் அளந்து எனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார், எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்று நான் செப்டம்பர் குறிப்பில் சொல்லாததால். அங்கே சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்: வில்லைப் பார்க்கும் பக்கம் மேலே இருக்கும்படி தண்டை ஆணிகளின் மேல் கிடத்த வேண்டும்.

நாக்கைக் கழற்றித் திருப்பி ஒட்டலாம். ஆனால் இறகுகள் நாக்கோடு பொருந்த ஒட்டப்பட்டவை, கால் வட்டம் திரும்பினால் மூன்றையும் உரித்து மீண்டும் ஒட்ட வேண்டும். அவ்வளவு வேலைக்கு அவர் உடன்படவில்லை. 4ஆம் எண் இப்போது அவர் வீட்டு மாடியில் தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.